கீரைக்கொல்லை கேட்ட ராஜா

திருமண்டலத் தேர்தல், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகள் சேர்ந்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல், வருகிற வருஷம் எங்கள் பக்கத்துச் சபைகளில் உபவாச ஜெபம் கூடிவிடும். மற்ற நாட்களில் பத்துப் பேர் தேறாத வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அப்போது பாய் போதாது. ஓர் அணிக்காரர் வீட்டில் முழு இரவு ஜெபம் என்றால், அடுத்த வாரம் எதிரணிக்காரர் தோட்டத்தில் ஆள் மாற்றி ஆள் விடாமல் செய்கிற சங்கிலி ஜெபம். இரண்டு இடத்திலும் அதே பாட்டு, அதே வசனம், இடையில் அதே சுக்குக் காப்பி. லே செக்ரட்டரி (குருவல்லாத செயலாளர்) யார், பொருளாளர் யார், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு யார் தாளாளர் என்பதெல்லாம் அந்தத் தேர்தலில்தான் முடிவாகும். வாத்தியார் வேலையும் இடமாறுதலும் அந்த நாற்காலிகளைச் சுற்றித்தான் நடக்கும். அதனால் யாரும் ஒப்புக்கு ஜெபிப்பதில்லை. உள்ளம் உருகித்தான் கேட்கிறார்கள், கண்ணீரும் நிஜம்தான். எனக்கு உறுத்துவதே அதுதான். பொய் ஜெபம் என்றால் விட்டுவிடலாம். இவ்வளவு நிஜமான ஜெபம் எப்படி இவ்வளவு அசிங்கமான சண்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது?

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரம் இதே கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது. "உங்களுக்குள்ளே யுத்தங்களும் சண்டைகளும் எதினாலே வருகிறது, உங்கள் அவயவங்களில் போர்செய்கிற இச்சைகளினாலல்லவா?" கேட்ட மூச்சிலேயே பதிலும் வந்துவிடுகிறது. எதிராளி காரணம் என்று அவர் சொல்லவில்லை. நம் ஆட்கள் சபையில் சண்டை வந்தால் முதலில் சொல்வது, "பிசாசு சபையைப் பிரிக்கப் பார்க்கிறான்." இந்த அதிகாரத்தில் பிசாசு வருவது ஏழாம் வசனத்தில். அதற்கு முன்னால் ஆறு வசனம் முழுக்க நம்முடைய ஆசையைப் பற்றித்தான் பேச்சு. அந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. பிசாசை முதலில் கொண்டுவந்துவிட்டால் எல்லாருக்கும் வசதி, யாரும் தன்னைத் தொட்டுப் பார்க்கவேண்டாம்.

அப்புறம் வருகிறது அந்த இரண்டாம் வசனம். ஆசைப்படுகிறீர்கள், கிடைக்கவில்லை. கொலை செய்கிறீர்கள், பொறாமைப்படுகிறீர்கள், அப்போதும் அடையமுடியவில்லை. சண்டை போடுகிறீர்கள், ஆனால் கேட்கவேண்டியவரிடம் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. மூன்றாம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சரி, கேட்கவும் செய்கிறீர்கள், ஆனால் "உங்கள் இச்சைகளை நிறைவேற்றும்படி செலவழிக்கவேண்டுமென்று" கேட்கிறீர்கள், அதனால் கிடைக்கவில்லை. ஜெபம் பண்ணாதவனுக்கு ஓர் அடி, ஜெபம் பண்ணுகிறவனுக்கு அதைவிடப் பெரிய அடி. இது வெளியாட்களுக்கு எழுதியதல்ல. சகோதரரே, சகோதரரே என்று கூப்பிட்டுச் சபைக்கு எழுதிய கடிதம்.

எழுதியவர் யார் என்று பார்த்தால் இந்தத் துணிச்சல் கொஞ்சம் புரியும். இயேசுவின் சகோதரர், எருசலேம் சபையின் தலைவர் என்பது பாரம்பரியம். ஆரம்பத்தில் இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் சுவிசேஷம் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு யாக்கோபுக்குக் காட்சி கொடுத்தார் என்று பவுல் சொல்கிறார். அப்படிப்பட்டவர் நிருபத்தின் முதல் வரியில் தன்னைச் சொல்லிக்கொள்வது வெறும் 'ஊழியக்காரனாகிய யாக்கோபு' என்றுதான். ஆண்டவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? எங்கள் ஊர்க் கன்வென்ஷன் போஸ்டர்களில் பிரசங்கியாரின் பெயரைக் கண்டுபிடிக்கவே பட்டங்களைத் தாண்டித் தேடவேண்டியிருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஹெகெசிப்பு எழுதியதாக, திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் ஒரு விவரம் தருகிறார். யாக்கோபு ஜனங்களுக்காக ஓயாமல் ஆலயத்தில் முழங்காலில் நின்றதால் அவருடைய முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போலக் காய்த்துப்போயிருந்தனவாம். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அவருடைய சாவை எழுதியிருக்கிறார். கி.பி. 62. ரோம ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார், அடுத்த ஆளுநர் அல்பினு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த பிரதான ஆசாரியன் அன்னா, சங்கத்தைக் கூட்டி யாக்கோபையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தான். மூன்றே மாதத்தில் அவனுடைய பதவியும் பறிபோனது. பதவி ஆசை என்ன செய்யும் என்று எழுதியவர் பதவிக்காரன் ஒருவன் கையாலேயே செத்தார். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு இந்த நிருபம் அவ்வளவு பிடிக்கவில்லை. தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு 1522-ல் எழுதிய முன்னுரையில் 'வைக்கோல் நிருபம்' என்று தள்ளிவைத்தார். அது வேறு வழக்கு, இங்கே வேண்டாம்.

'கொலைசெய்தும்' என்று அவர் எழுதியதை மிகைப்படுத்திச் சொன்னதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சபையில் யார் கொலை செய்வார்கள்? ஆனால் யாக்கோபு அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி எலியாவைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். எலியாவின் கதை தெரிந்தவருக்கு நாபோத்தின் கதை தெரியாமலா இருக்கும்? எனக்கு நாலாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் முதலாம் இராஜாக்கள் 21-ம் அதிகாரம் கூடவே ஓடுகிறது.

இஸ்ரவேலின் ராஜா ஆகாபுக்கு யெஸ்ரயேலில் ஓர் அரண்மனை. பக்கத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம். ராஜாவுக்கு அந்த இடத்தில் கீரைக்கொல்லை போடவேண்டும். இதை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. கோட்டை கட்ட இல்லை, சேனையை நிறுத்த இல்லை, கீரை போட. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம். அவன் கேட்ட விதத்திலும் பெரிய குறை சொல்லமுடியாது. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்றான், அல்லது பணமாகத் தருகிறேன் என்றான். நம் ஊரில் பைபாஸ் ரோட்டுக்கு நிலம் எடுப்பவர்கள்கூட இவ்வளவு மரியாதையாகக் கேட்பதில்லை.

நாபோத் முடியாது என்றான். "என் பிதாக்களின் சுதந்தரத்தை" கொடுக்காதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக என்றான். வீம்புக்குச் சொன்னதல்ல. நிலம் கர்த்தருடையது, அதை அறுதியாக விற்கக்கூடாது என்று லேவியராகமம் 25-ம் அதிகாரத்தில் சட்டமே இருக்கிறது. ராஜா கேட்டது விலை. நாபோத் சொன்ன பதிலுக்கு விலையே கிடையாது.

ராஜா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கட்டிலில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராணி யேசபேல் வந்து என்ன விஷயம் என்று கேட்கிறாள். அங்கே அவன் சொல்லும் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். தோட்டத்தைப் பணத்துக்குக் கேட்டேன், இல்லாவிட்டால் பதில் தோட்டம் தருகிறேன் என்றேன், அவன் 'என் திராட்சத்தோட்டத்தை உமக்குக் கொடேன்' என்றான். அவ்வளவுதான். பிதாக்களின் சுதந்தரத்தைக் காணோம். கர்த்தர் பேரையும் காணோம். கீரைக்கொல்லையும் போய்விட்டது. நாபோத்தின் காரணம் முழுவதும் கழன்று விழுந்து, மறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆகாப் பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். நாபோத் கொடுக்கமாட்டேன் என்றது உண்மைதானே. ஆனால் நாம் சண்டை போடும் ஆளின் பேச்சை மூன்றாம் மனிதரிடம் சொல்லும்போது செய்வது அச்சு அசலாக இதுதான். அவர் சொன்ன காரணம் நம் வாயில் வராது, 'முடியாதுன்னுட்டான்' என்பது மட்டும் வரும். எனக்குத் தெரிந்து குடும்பத் தகராறுகளில் பாதி இந்த இடத்தில்தான் முற்றுகின்றன. முதல் மறுப்பில் இவ்வளவு நஞ்சு இருப்பதில்லை. அதை வீட்டில் வந்து சொல்லும் விதத்தில்தான் ஏறுகிறது.

யேசபேல் எழுந்து சாப்பிடும், நான் வாங்கித் தருகிறேன் என்கிறாள். ராஜாவின் முத்திரை போட்டுக் கடிதங்கள் போகின்றன. கடிதத்தின் முதல் கட்டளை என்ன தெரியுமா? உபவாசம் பிரசித்தப்படுத்துங்கள். பட்டணத்தில் ஏதோ பெரிய பாவம் நடந்துவிட்டது, தேவனுக்கு முன்பாகத் தாழ்த்திக்கொள்ளவேண்டும் என்ற தோரணை. உபவாசக் கூட்டத்தில் நாபோத்தை எல்லாருக்கும் முன்னால் உட்காரவைக்கிறார்கள். இரண்டு பேர் எழுந்து, இவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்கிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள். அவன் பிள்ளைகளும் செத்தார்கள் என்று இரண்டாம் இராஜாக்களில் ஒரு வரி பின்னால் தெரியவரும். இவ்வளவும் கீரைக்காக.

ஆசையிலிருந்து கொலைவரை எத்தனை படி என்று எண்ணிப் பார்த்தால் மிகச் சிலதான். நடுவில் ஒரு படி பக்தி. யேசபேல் பாகாலைக் கும்பிட்டவள், ஆனால் எந்த ஊரில் எந்தச் சடங்கு எடுபடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இங்கே நான் எங்கள் சபைகளின் ஜெப விண்ணப்பப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசல் பக்கத்தில் மரப்பெட்டி இருக்கும், சிலர் வீட்டில் கிழித்த காலண்டர் தாளில் எழுதிப் போடுவார்கள். மகளுக்குக் கல்யாணம் கூடிவர, மகனுக்கு விசா கிடைக்க, சர்க்கரை குறைய. ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஆராதனையில் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார். எனக்குத் தெரிந்த ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) அண்ணன் தம்பிக்குள் கிணற்றுப் பாத்தியதை வழக்கு. அப்பா காலத்துக் கிணறு, ஒரே மோட்டார், யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதில் ஆரம்பித்துக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிறு பெட்டியில் அண்ணனின் துண்டு: 'நிலக் காரியத்தில் கர்த்தர் ஜெயம் தர.' தம்பியின் துண்டு: 'சத்துருக்களின் கைக்கு விலக்கிக் காக்க.' ஐயர் இரண்டையும் ஒரே குரலில் வாசித்தார். சபையும் இரண்டுக்கும் சேர்த்து ஆமென் சொன்னது. சத்துரு மூன்று பெஞ்சு முன்னால் உட்கார்ந்து அவரும் ஆமென் சொன்னார்.

சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு துண்டிலும் கிணறு என்ற வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் கேட்டது ஜெயம். தம்பி கேட்டது அண்ணனிடமிருந்து பாதுகாப்பு. உண்மையில் என்ன வேண்டும் என்பதே ஜெபத்துக்குள் வரவில்லை. எதிராளி பேரைச் சொல்லி, சாபம் நிறைந்த 109-ம் சங்கீதத்தை வாசிக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களாவது மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறார்கள் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

எகிப்து பாலைவனத்துத் துறவிகள் பற்றிய பழைய தொகுப்புகளில் ஒரு கதை உண்டு. இரண்டு கிழவர்கள் பல வருஷம் ஒரே அறையில் இருந்தும் சண்டையே வந்ததில்லை. உலகத்தார் மாதிரி நாமும் ஒரு தரம் சண்டை போட்டுப் பார்ப்போமே என்றார் ஒருவர். எப்படிப் போடுவது என்று தெரியாதே என்றார் மற்றவர். இதோ இந்தச் செங்கலை நடுவில் வைக்கிறேன், நான் என்னுடையது என்பேன், நீர் இல்லை என்னுடையது என்று சொல்லும், சண்டை வந்துவிடும். அப்படியே வைத்தார்கள். என்னுடையது என்றார் இவர். இல்லை என்னுடையது என்றார் அவர். அப்படியானால் எடுத்துக்கொண்டு போம் என்றார் இவர். ஒத்திகையே நடக்கவில்லை. நல்ல கதைதான். ஆனால் செங்கல் எங்கும் கிடைக்கும், கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லையே. குடும்பஸ்தன் அந்தக் கிழவர்களைப்போலக் கையை விரிக்கமுடியாது. அதனால்தான் எனக்குத் துறவிகளைவிட சாமுவேலின் தாய் அன்னாள் உதவியாக இருக்கிறாள்.

அன்னாளும் சாப்பிடவில்லை. எல்க்கானாவுக்கு இரண்டு மனைவி, பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷாவருஷம் சீலோவுக்குப் பலியிடப் போகும்போதெல்லாம் சக்களத்தி குத்திப் பேசுவாள், இவள் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருப்பாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்குப் பெரிதில்லையா என்று எல்க்கானா தேற்றுகிறான். நல்ல மனிதன்தான், ஆனால் கேட்கக்கூடாத கேள்வி.

ஆகாப்பும் சாப்பிடவில்லை, அன்னாளும் சாப்பிடவில்லை. இருவருக்கும் பக்கத்தில் இருப்பவரிடம் உள்ள ஒன்று தனக்கும் வேண்டும். ஆசை என்று பார்த்தால் அன்னாளுடைய ஆசை கீரையைவிட ஆயிரம் மடங்கு உக்கிரமானது. ஆகாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான், யேசபேல் கேட்டாள். அன்னாள் எழுந்து ஆலயத்துக்குப் போனாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் ஆசாரியன் ஏலி. அவள் ஜெபத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதில் இல்லாத ஒன்று. பெனின்னாள் இல்லை. பல வருஷமாகக் குத்தியவளைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. எனக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும், தந்தால் அவனை உமக்கே கொடுத்துவிடுவேன். பேச்சு முழுக்க அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில்தான்.

அது முடிந்ததும் வேதம் ஒரு சின்ன விவரம் தருகிறது. அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." பிள்ளை பிறக்கவில்லை, கருவே தரிக்கவில்லை. சமாதானத்தோடே போ என்று ஏலி சொன்ன வார்த்தை ஒன்றுதான் கையில். சாமுவேல் பிறப்பது பின்னால். யாக்கோபு சொல்லும் 'செலவழிக்க' என்பதற்கு நேர் எதிரான கேட்பு இது. கேட்கும்போதே கொடுத்தாகிவிட்டது. பால் மறந்த பிறகு பிள்ளையைச் சீலோவில் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாள்.

அவளையும் நாம் ஒரேயடியாகப் புனிதவதி ஆக்கிவிடவேண்டாம். அடுத்த அதிகாரத்துப் பாட்டில் மலடி ஏழு பெற்றாள், நிறையப் பெற்றவள் தளர்ந்துபோனாள் என்று ஒரு வரி வருகிறது. அது யாருக்கு என்று பெனின்னாளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆசைப்படாதே என்று கிறிஸ்தவம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். வேதத்தைத் திறந்தால் எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேள்வி அந்த ஆசையை எங்கே கொண்டுபோகிறோம் என்பதுதான். பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகஸ்டின் 'வாக்குமூலம்' என்ற தன் வாழ்க்கைக் கதையில் இதை ஒளிக்காமல் எழுதியவர். பேச்சு வராத கைக்குழந்தை, இன்னொரு குழந்தை அதே மார்பில் பால் குடிப்பதைப் பார்த்து முகம் வெளிறிப்போனதைத் தான் கண்டதாகச் சொல்கிறார். வாலிபத்தில் தான் பண்ணிய ஜெபத்தையும் சொல்கிறார்: எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போது வேண்டாம். யாக்கோபு திட்டும் 'இருமனமுள்ளவர்களே' என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய தாய் மோனிக்காவின் ராத்திரி. மகன் ரோமுக்குப் போகக்கூடாது என்று கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரத்தசாட்சி சிப்பிரியானின் நினைவாலயத்தில் இரவு முழுக்க அழுது ஜெபித்தாள். மகன் அவளை ஏமாற்றிவிட்டு அதே இரவில் கப்பல் ஏறிவிட்டான். ரோமிலிருந்து மிலான் போய், அங்கே 387-ல் அந்த ஊர் ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றான். அவள் அன்று கேட்டதை மறுத்துத்தான் அவள் என்றும் கேட்டதைத் தேவன் கொடுத்தார் என்று அகஸ்டின் பிற்காலத்தில் எழுதினார். சொல்வது சுலபம், அந்தக் காலையில் காலித் துறைமுகத்தைப் பார்த்த தாய்க்கு இது எப்படி இருந்திருக்கும்!

தாழ்மை என்று பேச ஆரம்பித்தால் எங்கள் பக்கம் எல்லாரும் தலையாட்டுவார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தால் விஷயம் தெரியும். காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். சந்தையில் நூறு ரூபாய் பெறாத பூசணிக்காயை ஒரு குடும்பத்துப் பெரியவர் கேட்பார், உடனே ஆகாத குடும்பத்துப் பெரியவர் ஏற்றுவார். பூசணி ஆயிரத்தைத் தாண்டும். ஏலம் போடுகிற கோயில் பிள்ளைக்கு (ஆலயப் பணியாளருக்கு) யாரை யாரோடு முட்டவிடவேண்டும் என்று நன்றாகத் தெரியும். சபைக்கு லாபம்தான், கட்டட நிதியில் பாதி இப்படித்தான் சேருகிறது. ஜெயித்த பூசணியை யாரும் சமைத்துச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாழ்மையைப் பற்றி இன்னொரு பயம் எனக்கு உண்டு. "கர்த்தருக்கு முன்பாகத் தாழ்மைப்படுங்கள்" என்ற வசனத்தை மேடையில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துத்தான் அதிகம் சொல்கிறார். பாதிக்கப்பட்டவன் வாயைத் திறந்தால், தம்பி கொஞ்சம் தாழ்மையாக இரு என்கிறார்கள். நாபோத்திடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ராஜாதானே கேட்கிறார், பெருமை பிடிக்காமல் கொடுத்துவிடு. வேதம் அவனை அப்படிக் குறை சொல்லவில்லை. ராஜாவின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன அந்த மனிதனிடம் பெருமை இல்லை, தனக்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது என்ற ஒப்புதல்தான் இருந்தது. யாக்கோபும் நாலாம் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் ஐசுவரியவான்களைப் பார்த்து, உங்கள் வயலை அறுத்தவர்களுக்கு நீங்கள் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். கூலிக்காரனைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. அவனுடைய கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவியில் எட்டிவிட்டது என்கிறார்.

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் இதற்கு ஒரு கட்டடமே சாட்சி. 1872-ல் கட்டிய கத்தோலிக்க ஆலயம் அது, இரண்டு கிளையாகப் பிரிந்து ஒரே பலிபீடத்தில் வந்து சேரும். ஒரு கிளையில் வெள்ளாளர், மறு கிளையில் நாடாரும் மற்றவர்களும். பூசை ஒன்று, குருவானவர் ஒருவர், நடுவில் சுவர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முழங்காலிட்டுப் பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று சொல்லியிருப்பார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எங்கள் இடம் எங்களுக்கே வேண்டும் என்று பிள்ளைமாரும் முதலிமாரும் ஆயர்மேல் வழக்குப் போட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. சாதிக்கென்று தனி உரிமை கேட்கமுடியாது என்று வழக்கு தோற்றது. அந்த ஊரில் தாழ்மைப்படவேண்டியவர்கள் யார் என்பதில் யாக்கோபுக்குச் சந்தேகம் வந்திருக்காது. சுவரை எடுங்கள் என்றவர்களை அடங்காதவர்கள் என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஆகாபின் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது, அதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டதில்லை. நாபோத் செத்ததும் ராஜா தோட்டத்தைப் பார்க்க இறங்கிப் போகிறான், அங்கே எலியா நிற்கிறார். கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். அந்த வார்த்தையைக் கேட்ட ஆகாப் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு இரட்டு உடுத்தி உபவாசம் இருந்தான், தாழ்மையாய் நடந்தான். முதல் உபவாசம் நாபோத்தைக் கொல்ல, இது தன் பாவத்துக்கு. ஆகாப் தன்னைத் தாழ்த்தினதைப் பார்த்தாயா என்று கர்த்தர் எலியாவிடம் சொல்கிறார், வரவேண்டிய தீங்கையும் அவன் நாளில் வராமல் தள்ளிவைக்கிறார். தேவன் தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை அளிக்கிறார் என்று யாக்கோபு எழுதியதை, இவ்வளவு மோசமான ஆளிடமும் அவர் கடைப்பிடித்திருக்கிறார். எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

அது நிலைக்கவில்லை. பின்னால், சீரியர் கையில் இருந்த ராமோத் கீலேயாத் நம்முடையது என்று மறுபடியும் ஒரு நிலத்தாசை. இந்தத் தடவை முறைப்படி கர்த்தரிடம் விசாரித்தான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகப் போம், கர்த்தர் கையில் கொடுப்பார் என்றார்கள். சிதேக்கியா என்பவன் இரும்பில் கொம்புகள் செய்து, இவற்றால் சீரியரை முட்டித் தள்ளுவீர் என்று காட்டினான். எங்கள் தேர்தல் ஜெபங்களில் கொம்பு மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. 'நீ தலையாவாய், வாலாகமாட்டாய்' என்ற வாக்குத்தத்தம் இரண்டு அணி வேட்பாளருக்கும் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஆகாபுக்குப் பக்கத்தில் யூதாவின் ராஜா யோசபாத் உட்கார்ந்திருந்தான். சம்பந்தி, பக்திமான். நானூறு பேர் சொன்ன பிறகும் அவனுக்கு ஏதோ உறுத்தியது. வேறே கர்த்தருடைய தீர்க்கதரிசி யாரும் இங்கே இல்லையா என்று கேட்டான். ஒருவன் இருக்கிறான், மிகாயா, அவன் எனக்கு நல்லதே சொல்லமாட்டான், அதனால் அவனைப் பகைக்கிறேன் என்றான் ஆகாப். ராஜா அப்படிச் சொல்லலாமா என்றான் யோசபாத். மிகாயா வந்தான். மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப்போல இஸ்ரவேல் சிதறினதைக் கண்டேன் என்று உள்ளதைச் சொன்னான். கன்னத்தில் அடி வாங்கினான், சிறைக்குப் போனான்.

எங்கள் சபைகளில் ஆகாப்புகள் குறைவு. யேசபேல்கள் அதைவிடக் குறைவு. பெரும்பாலானவர்கள் யோசபாத்துகள். நல்ல கேள்வி கேட்பார்கள், சரியான பதிலையும் காதால் கேட்பார்கள், அப்புறம் பழகிய ஆள், சம்பந்தி, நம் அணி என்று கூடவே போவார்கள். யோசபாத்தும் மிகாயா சொன்னதைக் கேட்டுவிட்டு ஆகாபோடு யுத்தத்துக்குத்தான் புறப்பட்டான். ஆகாப் வேஷம் மாறிக்கொண்டான், நீர் மட்டும் ராஜ வஸ்திரத்தோடு வாரும் என்று இவனிடம் சொன்னான். இவனும் சரி என்று உடுத்திக்கொண்டு போனான். இஸ்ரவேலின் ராஜாவைத் தவிர யாரோடும் போரிடவேண்டாம் என்று சீரியா ராஜா தன் ரதத்தலைவர்களுக்கு உத்தரவு போட்டிருந்தான். களத்தில் ராஜா உடுப்பில் இருந்தது யோசபாத் ஒருவன்தான். எல்லா ரதமும் அவனை நோக்கித் திரும்பின. அவன் கத்தினான். என்ன கத்தினான் என்று எழுதப்படவில்லை. உபவாசம் இல்லை, முழு இரவு இல்லை, வாக்குத்தத்தமும் கையில் இல்லை. யாரை ஜெயிக்கவேண்டும் என்ற எண்ணமும் அப்போது இருந்திருக்காது. கர்த்தர் அவனுக்கு உதவிசெய்தார் என்று நாளாகமம் எழுதிவைத்திருக்கிறது.